எளிது என்று போட்ட கணக்கு

“என் பேரை எடுத்துருங்க மேடம். இனிமே நான் யாருக்கும் வழிகாட்டி இல்ல.”

உட்காருவதற்கு முன்பே ஞானசிகாமணி இதைச் சொல்லிவிட்டார். நாகர்கோவிலிலிருந்து மேலப்பாளையம் வரை பஸ்ஸில் நின்றுகொண்டே வந்திருந்தார்.

சுலைகா தன் வீட்டுக் கூடத்தில் துணி மடித்துக்கொண்டிருந்தார்.

ஞானசிகாமணி கல்லூரியில் கணிதப் பேராசிரியர். சுலைகாவுக்கு அவருடைய மகள் வயது. ஆனாலும் அவருக்கு ப்ரோகிராம் எழுதக் கற்றுக்கொடுத்தது சுலைகாதான்.

பெரிய பெரிய சமன்பாடுகளுக்கு விடை காணும் ‘சமன்’ என்ற மென்பொருளைத் தொடங்கியதும் சுலைகாதான். அதை யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம், உள்ளே திறந்து பார்க்கலாம், திருத்தலாம். கோடை விடுமுறையில் மாணவர்கள் வந்து அதில் வேலை பழகுவார்கள். என்னென்ன வேலை செய்யலாம் என்று வழிகாட்டிகள் முன்கூட்டியே எழுதிப் போடுவார்கள்.

“என்ன ஆச்சு சார்?”

“போன வருஷம் ஷிஜின்னு ஒரு பையன் நான் எழுதிப் போட்ட வேலையை எடுத்தான்ல?”

“ஆமா. மார்த்தாண்டத்துப் பையன்.”

“படிப்பை விட்டுட்டான் மேடம். நேத்துதான் தெரிஞ்சது. செல்போன் கடையில நிக்கான். என்னைப் பார்த்ததும் உள்ள போயிட்டான். கூப்பிட்டும் வரல.”

சுலைகாவின் கை நின்றது.

“வந்த புதுசுல அவன் முகத்தைப் பார்த்திருக்கணும். கோடை முடியறதுக்குள்ள எல்லாம் போச்சு. நான் ஒருநாள்கூடத் திட்டினது இல்ல. ‘முயற்சி பண்ணு, வந்துரும்’னுதான் தினமும் சொன்னேன். பிறகு போன் எடுக்கிறதையே நிறுத்திட்டான்.”



சுலைகா எழுந்துபோய் லேப்டாப்பைக் கொண்டுவந்து அவர் முன்னால் திறந்து வைத்தார். போன வருடம் ஞானசிகாமணி எழுதிப் போட்டது திரையில் இருந்தது.

‘மிகப் பெரிய சமன்பாட்டுத் தொகுதிகளுக்கு விடை காணும் வேகத்தைக் கூட்டுதல். தரம்: எளிது.’

“இதைச் செஞ்சு காட்டுங்க சார்.”

“நானா?”

“நீங்கதானே எழுதினீங்க?”

ஞானசிகாமணி உட்கார்ந்தார். காலமெல்லாம் கரும்பலகையில் போட்டுக் காட்டிய முறைதான். ஒவ்வொரு சுற்றிலும் விடை கொஞ்சம் கொஞ்சமாக நிலைக்கு வர வேண்டும்.

வரவில்லை. எண்கள் சுற்றுக்குச் சுற்று வீங்கின.

ஓரிடத்தில் மாற்றினார். இன்னும் வீங்கின. சூத்திரத்தைச் சரிபார்த்தார். சரியாகத்தான் இருந்தது.

பாங்கு சொல்லும் சத்தம் கேட்டது. சுலைகா தொழுதுவிட்டு வந்து அவருக்குச் சோறு வைத்தார். சோறு ஆறிப்போனது. வியர்வையில் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. எல்லாவற்றையும் அழித்துவிட்டு முதலிலிருந்து எழுதினார். அதே வீக்கம்.

வெயில் சாயும் நேரத்தில் அவர் கையை எடுத்துவிட்டார்.

“எனக்கு வரல மேடம்.”

“முயற்சி பண்ணுங்க சார், வந்துரும்.”

அவர் நிமிர்ந்து பார்த்தார். சுலைகாவின் முகத்தில் கேலி இல்லை.



“உங்களுக்கு இது தெரியுமா மேடம்?”

“தெரியாது. சமன்ல இருக்கிற யாருக்கும் தெரியாது. தெரிஞ்சிருந்தா எப்பவோ செஞ்சிருப்போமே.”

“அப்ப ‘எளிது’ன்னு நான் எழுதினதை ஏன் விட்டீங்க?”

“நான் செஞ்சு பார்க்கல சார். நீங்க எழுதியிருக்கீங்கன்னு அப்படியே போட்டுட்டேன்.”

சுலைகா தலையைக் குனிந்துகொண்டார். ஞானசிகாமணி எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கினார். சொல்லிக்கொள்ளக்கூட இல்லை.

மறுநாள் காலையில் மார்த்தாண்டத்துக்குப் போனார்.

கடையில் கூட்டம். ஷிஜின் யாருடைய போனுக்கோ கண்ணாடி ஒட்டிக்கொண்டிருந்தான். அவரைப் பார்த்ததும் கையிலிருந்ததை அப்படியே வைத்துவிட்டு உள்ளே நடந்தான்.

“எனக்கும் அது வரல தம்பி!”

தெருவில் நின்றபடியே கத்திவிட்டார். கடையிலிருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அவன் மட்டும் திரும்பவில்லை. ஆனால் நின்றான்.

“யாருக்கும் வரல. தெரியாமத்தான் எளிதுன்னு எழுதிட்டேன். உட்கார்ந்து செஞ்சு பார்த்தேன். எனக்கே வரல.”

அவன் தோள்கள் குலுங்கின.

“எனக்கு மட்டுந்தான் வரலைன்னு நெனச்சேன் சார்” என்றான்.