முனகும் கதவு

மலையடியில் இருந்த அந்த மடத்தில் அம்பலவாணனைப் பிடித்து வைத்த பிள்ளையார் என்று கேலி செய்வார்கள். விடியற்காலையில் தியானக்கூடத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தால் வெயில் ஏறும்வரை அசைய மாட்டார். புதிதாக வருகிற சீடர்களுக்கு மடத்துத் தலைவரான சாமி அவரைத்தான் காட்டுவார். "உட்கார்ந்தா இப்படி உட்காரணும்" என்பார்.

அந்த ஒரு சொல்லுக்காக அம்பலவாணன் உயிரையே கொடுத்திருப்பார். இடுப்பைக் கொடுத்துவிட்டார் என்பது இப்போதுதான் தெரிந்தது.

கிடுகிடுவென்று வளர்கிற வயதில், இடுப்பு மூட்டில் அவருடைய தொடை எலும்பின் தலை, எலும்பு வளரும் இடத்தில் வழுக்கி விலகிவிட்டது. ஸ்குரூ போட்டு நிறுத்தினார்கள். "சம்மணம் போடாதே. பெரியவனானாலும் வருஷா வருஷம் வந்து காட்டு" என்றார் டாக்டர். கொஞ்ச நாளில் வலி நின்றது. அதோடு ஆஸ்பத்திரிக்குப் போவதும் நின்றது.

இன்று டவுனில் எக்ஸ்ரே படம் எடுத்துப் பார்த்துவிட்டுக் கைத்தடியோடு திரும்பியிருந்தார். சாமிக்கும் அவருக்கும் ஏறக்குறைய ஒரே வயது. சாமி பாயில் உட்கார்ந்திருக்க, அவர் நின்றுகொண்டே இருந்தார்.

"என்ன சொன்னாங்க?"

"மூட்டு தேஞ்சு போச்சாம் சாமி. இனிமே தரையில உட்காரவே கூடாதாம். பின்னால மூட்டையே மாத்தணுமாம்."

"மாத்தினா உட்காரலாமா?"

"நாற்காலியில."

சாமி கைத்தடியைப் பார்த்தார்.

"எப்பலேர்ந்து வலி?"

"மடத்துக்கு வந்த வருஷத்திலேர்ந்து."

சாமி நிமிர்ந்து பார்த்தார். இத்தனை வருஷமும் தன் எதிரிலேயே இருந்த முகம்.

"வலிக்க வலிக்க வினை தீருதுன்னு நினைச்சேன்" என்றார் அம்பலவாணன். "அசைஞ்சா இன்னும் வலிக்கும். அதான் அசையலை. நீங்க அதைத் தவம்னு சொன்னீங்க."

இனி என்ன இருக்கிறது என்றுதான் வழியெல்லாம் யோசித்துக்கொண்டு வந்திருந்தார்.

"உட்கார்றதைத் தவிர எனக்கு வேற ஒண்ணும் தெரியாது சாமி. நான் செஞ்சது தவமா, இல்லையா? அதை மட்டும் சொல்லுங்க."

சாமி எழுந்து, சாத்தியிருந்த வாசல் கதவைக் காட்டினார்.

"திறங்க."

பழைய காலத்து மரக்கதவு. கீல் கிடையாது. அடியில் இருக்கும் மரக்குடுமி கற்குழியில் சுழலும். அம்பலவாணன் தடியைச் சுவரில் சாய்த்துவிட்டு, இரண்டு கையாலும் கதவை லேசாகத் தூக்கித் திறந்தார். மடத்தில் எல்லோரும் அப்படித்தான் திறப்பார்கள்.

"ஏன் தூக்குறீங்க?"

"குடுமி தேஞ்சிருக்கு சாமி. அப்படியே தள்ளினா கல்லுல உரசி முனகும்."

"யார் சொல்லிக் கொடுத்தாங்க?"

"யாரும் சொல்லலை. முனகுறது காதுல விழுந்துச்சு, மனசு கேட்கலை. தூக்கிட்டேன்."

சாமி கதவின் மேல் கை வைத்தார். கண் கலங்கியிருந்தது.

"மரம் முனகினதுக்கே நமக்கு மனசு கேட்கலை. நீங்க ஒரு தடவை முனகியிருக்கக் கூடாதா?"

அம்பலவாணன் தூக்கிய கதவைக் கீழே விடாமல் நின்றுகொண்டிருந்தார்.