மாசானம் தலையில் ஏறிய பித்தளைக் கவசம்

கூழைக்குளம் என்று ஓர் ஊர். புத்தியைத் தவிர மற்றதெல்லாம் அங்கே ஓரளவு விளையும். நல்ல கோடையில் சொரிமுத்துவின் மோட்டார் கயிறு அறுந்து கிணற்றுக்குள் விழுந்துவிட்டது. குலை தள்ளிய வாழைகள் தண்ணீரின்றித் துவண்டு நின்றன. வாழை போனால் அவர் குடும்பம் அந்த வருஷம் பட்டினிதான்.

மூழ்கத் தெரிந்தவன் ஊரில் ஒருவனும் இல்லை. ஆகவே ஊரின் மூளை என்று பெயர் வாங்கிய தளவாய், தூத்துக்குடியில் ஒரு பழைய இரும்புக் கடைக்குப் போனார். எந்தக் காலத்திலோ கடற்படைக்காரர்கள் கடலடியில் இறங்கப் போட்ட பித்தளைத் தலைக்கவசம் ஒன்றை வாங்கிவந்தார். முகத்துக்கு நேரே கண்ணாடி வைத்த, அண்டா போன்ற கவசம். கூடவே நீளமான ரப்பர் குழாயும், கையால் சுற்றுகிற காற்றுப் பம்பும்.

கடைக்காரர் சொல்லி அனுப்பியது ஒன்றுதான்: "தலையில மாட்டிட்டா பம்பைச் சுத்திக்கிட்டே இருக்கணும். நிறுத்தினா ஆளு காலி."

வண்டி எல்லாவற்றையும் ஊர்ப் பொதுவெளியான மந்தையில் இறக்கிவிட்டுப் போய்விட்டது. வேலை செய்கிறதா என்று பார்க்க, அங்கேயே மாசானம் என்ற வாலிபன் தலையில் கவசத்தை மாட்டித் திருகினார்கள். இரண்டு பேர் பம்பைச் சுற்றினார்கள். மாசானம் மூச்சு விட்டான். ஊரே கைதட்டியது. பிறந்ததிலிருந்து அவன் விட்டுக்கொண்டிருந்த அதே மூச்சுதான்.

"சரி, கழத்துங்கவே. கிணத்துக்குப் போவோம்," என்றார் சொரிமுத்து.

"கழத்தினா காத்து நின்னுரும்லா?" என்றார் தளவாய். "நின்னா ஆளு காலி."

மாசானம் பதறிப்போய்க் கவசத்தை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டான்.

"அப்போ ஆளைப் பம்போட தூக்கிட்டுப் போவோம்," என்றார் சொரிமுத்து.

"தூக்குற கை எப்படிவே பம்பைச் சுத்தும்?"

"அண்ணாச்சி, என் வாழை சாவுது!" சொரிமுத்து அழுதே விட்டார்.

தளவாய் கண்ணை மூடி யோசித்தார். அவர் யோசித்தபோதெல்லாம் ஊருக்குக் கேடுதான்.

"மாசானம் தண்ணிகிட்ட போக முடியாது. தண்ணி மாசானத்துகிட்ட வரலாம்லா? மோட்டாரு தண்ணிக்குள்ளதான கெடக்கு? தண்ணி வந்தா அதுவும் கூடவே வந்துதான ஆகணும்?"

குடமும் வாளியுமாய் ஊரே ஓடியது. கிணற்றிலிருந்து மொண்டு வந்து மாசானத்தின் பித்தளைத் தலையில் ஊற்றினார்கள். ஊற்றிய தண்ணீர் சரிவில் ஓடி, அடுத்த ஊர்க்காரனின் கத்தரித் தோட்டத்தில் போய் நின்றது. குடங்களைச் சுமந்துகொண்டு வந்த வழி வாழைத் தோட்டத்தின் நடுவேதான். அதில் ஒரு குடத்தை ஒரு வாழைக்கு ஊற்றுவோம் என்று ஒருவருக்குக்கூடத் தோன்றவில்லை. இந்த ஜென்மங்களை என்ன சொல்ல!

கடைசியில் சொரிமுத்துவின் மனைவி உலகம்மை மூச்சிரைக்க ஓடிவந்தாள்.

"கிணறு வத்திட்டு! மோட்டாரு சேத்துல கெடக்கு! ஏணியை வச்சு நான் எறங்கட்டுமா?"

"வெறுந்தலையோடயா?" தளவாய் அதிர்ந்துபோனார். "எறங்குறதுக்குத் தொப்பி வேணும். தொப்பி மாசானம் தலையில. அதுவும் தண்ணிக்குள்ள போடுற தொப்பி. தண்ணியே இல்லாத கிணத்துல அது எப்படித் தாயி வேலை செய்யும்?"

உலகம்மை தலையில் அடித்துக்கொண்டாள். அவளுக்காவது புத்தி இருக்கிறதே என்று நினைக்காதீர்கள்.

"ஆமா அண்ணாச்சி, எனக்கு இது தோணாமப் போச்சே!" என்றாள்.

உடனே ஊரே குடங்களோடு கத்தரித் தோட்டத்துக்குக் கிளம்பியது, தங்கள் தண்ணீரை அள்ளிவந்து கிணற்றை நிரப்ப. போகிற போக்கில் சொரிமுத்து பம்புக்காரர்களுக்குக் குரல் கொடுத்தார்:

"நிறுத்தாமச் சுத்துங்கவே! கிணறு நெறைஞ்சதும் தண்ணியைத் திரும்ப மாசானத்துகிட்ட கொண்டாரணும்லா!"