பெயர் வராத பக்கம்

பேய் வந்தால் பயப்படுகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். பேய் போன பிறகு பயந்து நடுங்கிய ஒருத்தியின் கதை இது. காதைத் தீட்டிக்கொண்டு கேளுங்கள், கடைசியில் உங்களிடம்தான் நியாயம் கேட்கப் போகிறேன்.

பாளையங்கோட்டையில் ஒரு சிறிய மென்பொருள் அலுவலகம். ஆஸ்பத்திரியில் குழந்தைகளுக்குச் சொட்டுச் சொட்டாக மருந்து ஏற்றும் மெஷினுக்கு அங்கேதான் நிரல் எழுதுகிறார்கள். எழுதிய நிரலும் அதற்கான விளக்கமும் இணையத்தில் ஒரு கிடங்கில் இருக்கும், ஆளுக்கொரு கணக்கு வைத்து அதைத் திறப்பார்கள். எந்தப் பொத்தான் என்ன செய்யும் என்று படத்தோடு விளக்கும் ஆவணப் பக்கம் வேறொரு தளத்தில் இருக்கும். நர்ஸ்களுக்குப் பயிற்சி அந்தப் பக்கத்தைக் காட்டித்தான். பக்கத்துக்குப் பொறுப்பு வடிவு. அதில் ஒரு வரி பிசகினால் ஒரு பிள்ளையின் உயிருக்கு அவள் பதில் சொல்ல வேண்டும்.

கிடங்கையும் பக்கத்தையும் இணைத்து வைத்தவன் சகாயம். இணைத்துவிட்டால், நிரலில் செய்த திருத்தம் தானாகவே பக்கத்துக்கு வந்து சேரும். கம்பெனி பெயரில் இணைக்கத் தலைமை அலுவலகத்தின் அனுமதி வேண்டும். அது வருவதற்குள் விடிந்துவிடும். "இப்பம் எம் பேர்லயே போட்டுருதேன் வடிவு, பொறவு மாத்திக்கிடலாம்" என்றான் சகாயம். அந்த அலுவலகத்தில் எல்லாமே அப்படித்தான், யார் கைக்கு முதலில் கிடைக்கிறதோ அவர் பெயரில் காரியம் நடந்துவிடும். மாற்றுவதற்கு நாள் வரவில்லை. போன மாதம் நாங்குநேரிப் பக்கம் லாரி மோதிச் சகாயம் இறந்துவிட்டான்.

ஒரு நாள் காலையில் வடிவு பக்கத்தைத் திறந்தாள். அடியில் இப்படி இருந்தது: 'புதுப்பித்தவர்: சகாயம். சற்று முன்.'

எதிரே அவன் மேசையில் மாலை போட்ட படம் சிரித்துக்கொண்டிருந்தது. சகாயத்தின் வேலையை இப்போது பார்ப்பவள் ஜெசிந்தா. மத்தியானம் அவள் நிரலில் ஒரு சின்னத் திருத்தம் போட்டுவிட்டு டீ குடிக்கப் போனாள். திரும்பி வருவதற்குள் மறுபடியும் சகாயத்தின் பெயர்.

"அவிய ஆத்மா இன்னும் வேலையை விட்டுப் போகலக்கா" என்றாள் ஜெசிந்தா. "கோயில்ல நினைவுப் பூச முடியட்டும். அதுவரைக்கும் எதையும் தொட்டுராதீங்க."

மேலாளர் சுடலைமுத்துவுக்குக் கோபம் வந்தது. காவல் தெய்வத்தின் பெயரை வைத்துக்கொண்டு பேய்க்குப் பயந்தால் ஊர் சிரிக்காதா? "பேயாவது பிசாசாவது. செத்தவன் பாஸ்வேர்ட எவனோ களவாண்டுருக்கான். நாளைக்கு மருந்து அளவ மாத்தி வச்சாம்னா யாரு பதில் சொல்லுதது?" சகாயத்தின் கிடங்குக் கணக்கை அப்போதே மூடினார். வடிவுக்கும் அது நியாயமாகத்தான் பட்டது.

பெயர் வருவது நின்றது. ஜெசிந்தா சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டாள். சுடலைமுத்து எல்லோருக்கும் பஜ்ஜி வாங்கிக் கொடுத்தார்.

அடுத்த வாரம் டாக்டர்கள் கேட்டபடி ஒரு பெரிய மாற்றம் நடந்தது. அதுவரை சிவப்புப் பொத்தானை அழுத்தினால் எச்சரிக்கைச் சத்தமும் நிற்கும், மருந்தும் நிற்கும். இனிமேல் சத்தம் மட்டும் நிற்கும், மருந்தை நிறுத்த நீலப் பொத்தானை அழுத்த வேண்டும். புது நிரலோடு மெஷின்கள் குழந்தைகள் வார்டுக்குப் போய்விட்டன. நர்ஸ்களுக்குப் பயிற்சியும் தொடங்கிவிட்டது.

"பாத்தியளாக்கா, இவ்வளவு பெரிய திருத்தம் போட்டுருக்கேன், அவிய பேரு வரவே இல்ல" என்று சிரித்தாள் ஜெசிந்தா.

வடிவு சிரிக்கவில்லை. பக்கத்தின் அடியைப் பார்த்தாள். உடனே ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டாள்.

"சிஸ்டர், பயிற்சிய உடனே நிறுத்துங்க. புது மெஷின யாரும் தொட வேண்டாம்."

"ஏம்மா, பக்கத்துல ஏதாவது தப்பாக் காட்டுதா?"

"புதுசா ஒண்ணுமே காட்டல சிஸ்டர். அதான் பயமாருக்கு."

இப்போது சொல்லுங்கள். ஜெசிந்தா பேய்க்குப் பயந்தாள். சுடலைமுத்து திருடனுக்குப் பயந்தார். வடிவோ, பெயர் வராததைக் கண்டு பயந்தாள். இந்த மூவரில் யார் பயந்தது சரி?

விடை: வடிவு பயந்ததுதான் சரி. பக்கத்துக்கு வந்ததெல்லாம் ஜெசிந்தாவின் திருத்தங்களே. இணைப்பு சகாயத்தின் பெயரில் இருந்ததால், யார் திருத்தினாலும் தளம் அவன் பெயரையே போட்டது. அவன் கணக்கை மூடியதும் இணைப்பும் அறுந்தது. பக்கம் அதை வாய்விட்டுச் சொல்லாமல், பழைய பாடத்தையே காட்டிக்கொண்டு நின்றது. அதைப் படித்த நர்ஸ் சிவப்பை அழுத்தியிருப்பார், சத்தம் நின்றிருக்கும், மருந்து ஏறிக்கொண்டே இருந்திருக்கும். இறந்தவன் கணக்கை மூட வேண்டியதுதான், ஆனால் இணைப்பை வேறு பெயருக்கு மாற்றிவிட்டு மூடியிருக்க வேண்டும். அன்றைக்கே வடிவு மறுபடியும் இணைத்துவிட்டாள். தலைமை அலுவலகத்தின் அனுமதி இன்னும் வரவில்லை. பக்கத்தின் அடியில் இப்போது வருவது வடிவின் பெயர்.