தோள் காய்ப்பு

நெடுங்கொம்பு மலைக்கு முதல் ரயில் ஏறிய அன்று, மாதப்பனுக்கு ஜன்னலோரம் இடம் கொடுத்திருந்தார்கள். பக்கத்து இடத்தில் அவன் தன் துண்டைப் போட்டு வைத்திருந்தான். யார் வந்து கேட்டாலும், "ஆள் வருதுங்க" என்றான். வண்டி நகர்ந்த பிறகும் அதையேதான் சொன்னான்.

"ஓடுற ரயில்ல எங்கிருந்துய்யா ஆள் வரும்?" என்று ஒருவர் சிரித்தார். மாதப்பன் முறைத்த முறைப்பில் அவர் நின்றுகொண்டே வந்தார்.

இன்ஜின் பின்னாலிருந்து தள்ள, வண்டி, தண்டவாளத்துக்கு நடுவில் பதித்திருந்த பல் சட்டத்தைக் கவ்விக் கவ்வி ஏறியது. ஒவ்வொரு வளைவிலும் ஜனங்கள் கைதட்டினார்கள். அந்த வளைவுகளைப் போட்டவன் அவன். வேலை ஆரம்பித்தபோது கறுத்திருந்த தலையில் இப்போது தேடினாலும் ஒரு கறுப்பு முடி அகப்படாது. சந்தோஷப்பட வேண்டிய நாள்தான். அவன் மட்டும் கைதட்டவில்லை.

அவன் அக்கா அங்காயிக்குச் சிறு வயதிலேயே இரண்டு கால்களும் சூம்பிவிட்டன. தாய் போன பிறகு, உட்கார்ந்த இடத்திலிருந்தே சோறாக்கிப் போட்டு அவனை ஆளாக்கியவள் அவள்தான். அவளுக்கு இருந்தது ஒரே ஓர் ஆசை.

"மலை மேல நின்னா மேகம் காலுக்குக் கீழ போகுமாமே, நெசமாடா மாதா? என்னைய ஒருக்கா தூக்கிட்டுப் போயிடேன்."

"மூட்டையாட்டம் தூக்கிட்டுப் போகவா? நாலு பேர் பார்த்தா என்ன சொல்லுவாங்க? ரயில் பாதை போடப் போறாங்களாம். வரட்டும். மகாராணியாட்டம் உக்காத்தி வெச்சுக் கூட்டிட்டுப் போறேன்."

சொன்னவன் சும்மா இருக்கவில்லை. அந்த வேலையிலேயே போய்ச் சேர்ந்து, மேஸ்திரியாகவும் ஆகிவிட்டான். அடிவாரத்திலிருந்து ஒரு கூட்டம் பாதை போட்டுக்கொண்டு ஏற, உச்சியிலிருந்து இன்னொரு கூட்டம் போட்டுக்கொண்டு இறங்கியது. உச்சிக் கூட்டத்துக்கு மாதப்பன் தலைவன்.

உச்சியில் ஒரு பாறையடியில் சாமியார் ஒருவர் இருந்தார். எல்லோருக்கும் அவர் சாமி. மாதப்பனுக்கு அவர்தான் குரு; ஆனால் அவனைவிட வயதில் இளையவர். அதற்காக மாதப்பன் மரியாதையில் குறை வைத்ததில்லை. மேலே வரும்போதெல்லாம் அவர் எதிரில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுத்தான் படுக்கப் போவான். இவனைக் கண்டதும் அவர் கேட்பது ஒன்றே ஒன்று.

"அக்கா வரலையா?"

"ரயிலு வந்ததும் முதல் வண்டியில வந்துருமுங்க சாமி."

அதற்கு மேல் அவர் பேச மாட்டார். குசலம் விசாரிக்கிறார் என்று மாதப்பன் நினைத்துக்கொள்வான்.

மழையில் ஒரு பாலம் போனது. பாறைக்கு வெடி வைத்ததில் ஒரு சரிவே பெயர்ந்து பாதையை மூடியது. இந்த வருஷம், அடுத்த வருஷம் என்று ரயில் தள்ளிக்கொண்டே போனது. அங்காயி காத்திருந்தாள். கடைசிப் பாலம் முடிகிற நேரத்தில் ஒரு காய்ச்சல் வந்தது. அதோடு போய்ச் சேர்ந்தாள்.

வண்டி உச்சியில் நின்றதும் மேளம் கொட்டினார்கள். மாதப்பன் துண்டைக்கூட எடுக்காமல் இறங்கினான். மாலை போட வந்தவரை ஒதுக்கித் தள்ளிவிட்டு நேராகப் பாறையடிக்குப் போனான். கும்பிடவில்லை.

சாமி நிமிர்ந்து பார்த்தார். இந்த முறை அவர் எதுவும் கேட்கவில்லை.

"தை மாசம் போயிட்டாளுங்க," என்றான். "பாடையில வெச்சுத் தூக்குனோம். கனமே இல்லீங்க. கோழிக்குஞ்சாட்டம் இருந்தா."

"ம்."

"நான் யாருக்கு என்ன கெடுதல் பண்ணுனேன்? அவளுக்காகத்தானே இந்த மலையக் குடைஞ்சேன்? ரயிலு வர்ற வரைக்கும் அவளை விட்டு வெச்சிருந்தா அந்தக் கடவுளுக்கு என்ன கொறைஞ்சு போயிருக்கும்? சொல்லுங்க சாமி!"

சாமி எழுந்து அருகில் வந்தார். துண்டில்லாத தோளில், கழுத்தை ஒட்டினாற்போல், தடித்துக் கறுத்த காய்ப்பு ஒன்று தெரிந்தது. அதன்மேல் விரலை வைத்தார்.

"இது என்ன?"

"காய்ப்புங்க. இரும்புச் சட்டம் தூக்குனது."

"எங்கிருந்து தூக்குனே?"

"அடிவாரத்துல இருந்துங்க. உச்சியில வேலை நடக்கணும்னா இரும்பு மேல வரணுமில்லீங்களா? ஆளுக்கொரு சட்டம், மேஸ்திரிக்கும் சேத்து. ஒத்தையடிப் பாதைதான். காலையில கிளம்புனா பொழுது சாய வந்துருவோமுங்க. அப்ப ஏதுங்க ரயி..."

மாதப்பன் தன் தோளைத் திரும்பிப் பார்த்தான்.

"ஒரு சட்டம் என்ன கனம் இருக்கும்?"

மாதப்பன் பாறையோரம் அப்படியே உட்கார்ந்துவிட்டான். அவன் காலுக்குக் கீழே மேகம் போய்க்கொண்டிருந்தது. அதைப் பார்க்கப் பிடிக்காமல் கண்ணை மூடிக்கொண்டான். ஸ்டேஷன் பக்கம் இன்னும் மேளச் சத்தம் ஓயவில்லை.

பிறகு கண்ணைத் திறந்து சாமியை ஏறிட்டுப் பார்த்தான். அவன் குரலில் அழுகையைவிடக் கோபம்தான் அதிகம்.

"தெரிஞ்சிருந்தும் அப்பவே ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதுங்களா சாமி?"

"ஒவ்வொரு தடவையும் சட்டத்தை இறக்கி வெச்சுட்டு எதுத்தாப்புல வந்து உக்காந்தியே மாதப்பா," என்றார் சாமி. "கேட்டேனே, அக்கா வரலையான்னு."