கோல்போஸ்ட் துளிர்த்த ஆட்டம்

நான் கள்ளம் சொல்லுகிறவள் இல்லை. எங்கள் பூவந்துறையில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். அவர்கள் வேறு மாதிரி சொல்வார்கள். அதற்கு நான் என்ன செய்ய?

நடந்தது புதன்கிழமை. துணை சுகாதார நிலையத்தில் பிள்ளைகளுக்கு ஊசி போடுகிற நாள். ஊசி போட்டதும் கிளம்பிவிட முடியாது. காய்ச்சலோ தடிப்போ வருகிறதா என்று பார்க்க அரை மணி நேரம் பிள்ளையோடு அங்கேயே உட்கார வேண்டும். சகாயராணி சிஸ்டர் அந்த விஷயத்தில் கறார். எட்டு அம்மாமார், எட்டுப் பிள்ளைகள், எட்டும் ஒரே சுருதியில் அழுகை. அந்த நேரம் பார்த்து நோட்டும் பேனாவுமாக உள்ளே வந்தார்கள் புஷ்பலீலாக்கா.

நோட்டில் ஒரு மனு. எங்கள் கடலலை கால்பந்துக் குழு வரிசையாகப் பதினோரு ஆட்டம் தோற்றுவிட்டதால் மேனேஜர் கிளீட்டஸை மாற்ற வேண்டும் என்று. வீட்டுக்கு ஒரு கையெழுத்து. ஆம்பிளைகள் எல்லாம் ஆழ்கடலுக்குப் போயிருப்பதால் பெண்கள் போட்டாலும் செல்லும். மொத்தம் ஐம்பது வேண்டும், நாற்பத்து மூன்று விழுந்தாயிற்று. எட்டு அம்மாமாரில் என்னைக் கழித்தால் ஏழு. புஷ்பலீலாக்கா விவரமான ஆள்.

என்னை ஏன் கழிக்க வேண்டும் என்றால், கிளீட்டஸ் என் வீட்டுக்காரர்.

இரண்டு வருஷம் முன்னால் போட்டில் கயிறு இழுத்து அவருக்குக் கால் முறிந்தது. அதிலிருந்து கடலுக்குப் போவதில்லை. கரையில் கிழிந்த வலை பொத்துவார், மீதி நேரம் குழுதான். அந்த வேலையும் போனால் வீட்டில் இருப்பார். போன மழைக்கு ஆட்டம் இல்லாமல் இரண்டு வாரம் இருந்தார். அடுப்பங்கரைப் பாத்திரம் முழுவதையும் ஆட்டக்காரரை நிறுத்துவது மாதிரி நாலு, நாலு, ரெண்டு என்று அடுக்கினார். மிளகுத்தூளை லெஃப்ட் விங்குக்கு அனுப்பினார். தேயிலையைக் கண்டுபிடிக்க எனக்கு மூன்று நாள் ஆயிற்று. அது மட்டும் இல்லை. தோற்றுவிட்டு வருகிற அன்றைக்கும் பதினோரு ஜெர்சியையும் அவரே உட்கார்ந்து துவைப்பார். யாரையும் ஒரு சொல் சொல்ல மாட்டார். அதைப் பார்த்தவளால் அந்த நோட்டைச் சும்மா பார்த்துக்கொண்டிருக்க முடியுமா?

மணி பதினொன்று இருபது. பன்னிரண்டுக்குக் கோயிலில் ஜெபமணி அடிக்கும். அடித்ததும் மனு வாங்குகிற கால்பந்துக் கழகச் செயலாளர் ஆபீசைப் பூட்டிவிட்டுச் சாப்பிடப் போவார், பிறகு நாளைக்குத்தான் திறப்பார். மனு வாங்க இன்றுதான் கடைசி. இன்று போய்ச் சேரவில்லை என்றால் இந்த வருஷம் முழுக்க மேனேஜர் கிளீட்டஸ்தான். ஆக, எனக்கு வேண்டியது நாற்பது நிமிஷம்.

புஷ்பலீலாக்கா முதலில் ஜெனிதாவிடம் பேனாவை நீட்டினார்கள். நடுவில் கையை விட்டு நான் வாங்கிக்கொண்டேன்.

"எக்கா, அந்த நோட்டையும் இங்க தாங்க. ஒரு படம் போட்டுக் காட்டுதேன். பாத்த பொறவு எல்லாரும் போடுங்க. நியாயம்னு பட்டா நானும் போடுதேன்."

"நீயுமா?" என்றார்கள் அக்கா. அந்த ஆசையில்தான் நோட்டைத் தந்தார்கள்.

அங்கே வேறு பேனா இல்லை. சிஸ்டர் பேனா ரிஜிஸ்டரோடு நூலில் கட்டிக் கிடக்கும்.

"மொத ஆட்டம் எதுக்குத் தோத்தோம்? நம்ம ஊர்ச் சத்தத்தால தோத்தோம்," என்று ஆரம்பித்தேன். "நீங்க எல்லாரும் வந்திருந்திய. நம்ம ஆளுவ விசிலடிச்ச அடியில, பதினெட்டு நாட்டிக்கல் மைல் தள்ளி நின்ன போட்டுக்காரங்க புயல் எச்சரிக்கைன்னு நெனச்சு வலைய அறுத்துட்டுக் கரைக்கு வந்துட்டாங்க. ரெஃப்ரி ஊதுன விசிலு அவருக்கே கேக்கல. எத்தன கோல்னு தெரியாம அவரு பாட்டுக்கு எதிர் டீமு மாலந்துறைக்கு மூணு எழுதிட்டாரு."

சிஸ்டர் தலையைத் தூக்கினார்கள். "அன்னைக்கு நான் டியூட்டியில இருந்தேன். ஒரு சத்தமும் கேக்கலியே."

"உங்களுக்கு எப்படிக் கேக்கும் சிஸ்டர்? சத்தம் இந்தக் கட்டடத்துக்கு மேலால போச்சு."

ஜெனிதா சிரித்தாள். அவள் என்னோடு பத்தாவது வரை படித்தவள். நான் மூச்சு விடுவதற்குள்ளே அதில் எவ்வளவு நிஜம் என்று எடை போட்டுவிடுவாள்.

"சரிட்டி, மத்த பத்தும்?"

"மூணாவது ஆட்டம் ஆஃப்சைடு பொறியில போச்சு." நோட்டில் நாலு வட்டம் போட்டேன். "இது நம்ம தடுப்பு ஆளுவ. எதிராளி வந்தா நாலு பேரும் ஒரே நேரம் ஒரு எட்டு முன்னால வைக்கணும், அவன் ஆஃப்சைடு ஆயிருவான், அடிச்சாலும் செல்லாது. இத அவரு ஒரு மாசம் கடக்கரையில பழக்குனாரு. ஆட்டத்துல நாலு பேரும் வெச்சாங்க பாருங்க ஒரு எட்டு! அந்த நேர்த்தியில அவங்களுக்கே நிறுத்த மனசு வரல. நடுக்கோட்டத் தாண்டுனாங்க. எதிராளி கோல்போஸ்ட்டத் தாண்டுனாங்க. அம்புக்குறி பாருங்க, ரோட்டுக்குப் போயிட்டாங்க. மார்த்தாண்டம் பஸ் வந்துது. நாலு பேரும் ஒரே நேரம் வலது காலத் தூக்கி ஏறுனாங்க."

"டிக்கெட் எடுத்தாங்களா?" என்றாள் ஜெனிதா.

"கண்டக்டர் கேக்கல. அவரு நின்ன எடம் ஆஃப்சைடு."

"அன்னைக்கு நாலு பேருக்கும் வயித்துப்போக்குன்னு சொன்னாங்களே," என்றார்கள் சிஸ்டர். "நான்தானே உப்புக்கரைசல் பொட்டலம் குடுத்தேன்."

"மார்த்தாண்டத்துல கண்டதையும் தின்னா வராதா சிஸ்டர்?"

மணி பதினொன்று முப்பத்தைந்து. புஷ்பலீலாக்கா என் கையிலிருந்த பேனாவைப் பார்த்தார்கள். "போதும் பிள்ள, குடு. ஒரு தமாசு சொன்னா பதினோரு தோல்வி மறஞ்சிருமா? பதினோரு ஆட்டத்துல நாப்பத்தேழு கோல் வாங்கியிருக்கோம். அது யாரு தலையில விழுது தெரியுமா? எம் மவன் ரெக்ஸன் தலையில. மீன் சந்தைக்குப் போனா என் பேரச் சொல்லி ஒருத்தியும் கூப்பிடல. 'ஓட்டக்கை அம்மா, சாள எவ்வளவுக்கு வேணும்'னு கேக்காளுவ. ஒம் மாப்பிள அவனுக்கு முன்னால நாலு ஆள உருப்படியா நிறுத்தியிருந்தா அவனுக்கு ஏன் இந்தப் பேரு?"

சிரித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் பிள்ளையைத் தட்ட ஆரம்பித்தார்கள். ரெக்ஸன் கோல் கீப்பர். பத்தொன்பது வயசு. நல்ல பையன், பந்து வருகிற பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் நல்லாப் பாய்வான்.

"எக்கா, ரெக்ஸனப் பத்தி ஊருக்கு என்ன தெரியும்?" என்றேன். "அஞ்சாவது ஆட்டத்துல அவன் ஒத்தப் பந்த ஒதச்சான். மேல போச்சு. போச்சு, போச்சு, கீழ வரவே இல்ல. கால் மணி நேரம் ரெண்டு டீமும் அண்ணாந்து நின்னாங்க. கழுத்து வலிச்சு வேற பந்து போட்டு ஆடுனாங்க. ஆட்டம் முடிஞ்சுது, ஞாயித்துக்கிழம முடிஞ்சுது, திங்கள் செவ்வாயும் போச்சு. அடுத்த ஞாயிறு, ஆறாவது ஆட்டம். ரெக்ஸன் கோல்ல நிக்கான். முன்னால ஒரு பந்து வருது, அதப் பாத்துப் புடிச்சுட்டான். மேலேருந்து போன வாரத்துப் பந்து எறங்கி, அவன் முதுகுல பட்டு உள்ள போயிருச்சு. ரெஃப்ரி கோல்னு ஊதிட்டாரு. ஒரு வாரம் பிந்தி வந்த பந்த எந்த நாட்டுக் கீப்பரு புடிப்பான்?"

"பந்துல ஏதாச்சும் அடையாளம் இருந்துதா?" என்றாள் ஜெனிதா.

"பனி புடிச்சிருந்துது. ஏழு நாள் மேல இருந்துதுல்லா."

புஷ்பலீலாக்கா சிரிக்கவில்லை. ஆனால் சேலைத் தலைப்பைச் சரிபண்ணிக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தார்கள். அது வரை நின்றுகொண்டிருந்தார்கள். உட்கார்ந்த ஆள் பாதி தோற்ற ஆள் என்று எங்கள் வீட்டுக்காரர் சொல்வார். அவருக்கு ஆட்டத்தில் அது பலித்ததில்லை. எனக்குப் பலித்தது.

"கோல் வாங்குன கதையாச் சொல்லுத. நம்ம ஒண்ணாவது அடிச்சோமா?" என்றாள் ஜெனிதா.

"அடிக்காமலா? எட்டாவது ஆட்டத்துல நம்ம ஃபார்வர்டு டிக்சன் அடிச்சது மறந்துபோச்சா? வலையக் கிழிச்சு, தென்னந்தோப்பத் தாண்டி, கடலுக்குள்ள போயிருச்சு. ஒம் மாப்பிள போட்டு அன்னைக்கு லட்சத்தீவுப் பக்கம் நின்னுதுல்லா? அவங்க வலையிலதான் விழுந்துது. தூக்கிப் பாத்தா பந்து ஒரு சூர மீனு வாயில இருக்கு. மீனு செத்துருச்சு, பந்து இன்னும் சுத்திட்டு இருக்கு."

"எங்க வீட்டுக்காரரு என்கிட்டச் சொல்லலியே."

"வயர்லெஸ்ஸுல சொன்னா பக்கத்துப் போட்டுக்காரன் கேட்டு டிக்சன அவன் ஊருக்குக் கூப்பிட்டுருவான். அதனால சொல்லல. ஒம் மாப்பிள அவ்வளவு ஊர்ப் பற்று உள்ளவரு. நீயாவது அவரப் போய் சந்தேகப்படாத."

ஜெனிதா பிள்ளையை மற்றத் தோளுக்கு மாற்றிக்கொண்டாள். கட்டியவனுக்கு ஊர்ப் பற்று இல்லை என்று எட்டுப் பேர் முன்னால் எப்படிச் சொல்வது?

"அது ஏன் கோல் இல்ல?" என்று சிஸ்டரே கேட்டார்கள். ஊசிப் பெட்டியை மூடிவிட்டு நாற்காலியை இந்தப் பக்கம் திருப்பியிருந்தார்கள்.

"கோல் போட்டா பந்த நடுவுல கொண்டுவந்து வெச்சு ஆட்டத்தத் தொடங்கணும் சிஸ்டர். பந்து லட்சத்தீவுல இருக்கு. ரெஃப்ரி அவராலான மட்டும் காத்திருந்தாரு."

மணி பதினொன்று ஐம்பது. மூன்று பிள்ளைகள் தூங்கிவிட்டன. என் ஆன்சி மட்டும் ஊசி போட்ட தொடையைக் காட்டிக் காட்டிச் சிணுங்கினாள். தோளில் போட்டுக்கொண்டு, மற்றக் கையால் நோட்டில் இரண்டு கம்பமும் குறுக்கே ஒன்றும் வரைந்தேன்.

"இப்பம் பத்தாவது ஆட்டத்துக்கு வாரேன். ஆறு கோல் வாங்குனது. இத நான் வெளிய சொன்னதில்ல. கோல்போஸ்ட்டுக்கு மரம் வெட்டுனது யாரு? எங்க வீட்டுக்காரரு. என்ன மரம்?"

"பூவரசு," என்றார்கள் இரண்டு மூன்று பேர்.

"பூவரசுக் கம்பு நட்டா என்ன செய்யும்?"

"துளுக்கும்," என்றார்கள் புஷ்பலீலாக்கா. சொல்லிவிட்டு, சொன்னோமே என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

"அக்காவே சொல்லிட்டாங்க. அன்னைக்கு இடைவேளையில அவரு வடக்குப் போஸ்ட்டுகிட்ட நின்னு பையன்மாருக்கு ரெண்டு வார்த்த சொன்னாரு. 'மக்கா, நம்ம தோத்தாலும் ஊரு நம்மளத்தான் பாக்க வருது'ன்னு. அவ்வளவுதான். கேட்டு ரெஃப்ரி அழுதாரு. மாலந்துறைப் பையன்மாரு வேலிக்கு அந்தால நின்னு கேட்டு, அவங்களுக்கும் வீரம் வந்துருச்சு, அது தனிக் கேடு. பச்சக் கம்பு அது, அதுக்கு மட்டும் மனசு இல்லியா? துளுத்துது. ரெண்டாம் பாதியில அந்தப் போஸ்ட்டு நமக்கு. அம்பதாவது நிமிஷம் எல. அறுவதாவது நிமிஷம் கெள. நிமிஷத்துக்கு ஒரு முழம் வளருது. மேல் கம்பு தென்னைக்குச் சமமாப் போச்சு, அப்பறம் கோயில் கோபுரத்துக்குச் சமமாப் போச்சு. ஒரு காக்கா கூடு கட்டி முட்டையும் போட்டுது. ரெக்ஸன் ஒத்த ஆளு எவ்வளவு ஒயரம் குதிப்பான்? பந்து கூட்டுக்கு மேல போனாலும் கோல், கீழ போனாலும் கோல். அப்படியும் ஒரு பந்தப் புடிக்க ஏறுனான் பாருங்க, பாதி மரம் ஏறி, காக்காகிட்டக் கொத்து வாங்கிட்டு, பந்தோட எறங்குனான். பொய்னா அவன் நெத்தியப் பாருங்க."

எல்லாரும் புஷ்பலீலாக்காவைப் பார்த்தார்கள்.

"நெத்தியில ஒரு காயம் உண்டு," என்றார்கள் அக்கா மெதுவாக. "குளிக்கிற ரூம் கதவுல இடிச்சான்னு சொன்னான்."

"சொல்லுவானா எக்கா? அவன் பெருமையடிக்கிற பையன் இல்லியே. ஆறு வாங்கினான்னு ஊரு சொல்லுது. அறுவது வாங்க வேண்டிய போஸ்ட்டு அது. அம்பத்து நாலு கோலத் தடுத்த கையத்தான் ஓட்டக்கைங்காளுவ."

சந்தையில் பேர் இழந்த அந்த அக்காவின் முகத்தை அப்போது பார்த்திருக்க வேண்டும். ஒரு சொல்லையும் நம்பவில்லை. ஆனால் அந்தக் கடைசிக் கணக்கை மட்டும் மீன் கூடையில் போட்டுச் சந்தைக்குக் கொண்டுபோவார்கள் என்று எனக்குப் பட்டது.

"அந்த மரம் இப்பம் எங்கட்டி?" ஜெனிதா விடுகிற ஆளா? "நேத்துகூட நான் மைதானம் வழியாத்தான் வந்தேன். பழைய ஒசரம்தான் நிக்குது."

"ஆட்டம் முடிஞ்சுதுல்லா? விசிலு ஊதுனதும் இறங்கிருச்சு. சட்டப்படி போஸ்ட்டு எட்டடிதான் இருக்கணும்னு அதுக்கும் தெரியும். மேல் கம்புல ஒத்த எல மட்டும் விட்டு வெச்சிருக்கு. போய்ப் பாத்துட்டு வந்து கையெழுத்துப் போடு."

ஜெனிதா உண்மையிலேயே எழுந்துவிட்டாள். அப்போதுதான் மணி அடித்தது.

எல்லாரும் எழுந்து நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டோம். புஷ்பலீலாக்காவும்தான். ஜெபம் சொன்னோம். முடிகிற நேரம் வெளியே செயலாளரின் ஸ்கூட்டர் சாப்பாட்டுக்குப் போகிற சத்தம் கேட்டது.

"ஒங்க அர மணி நேரம் முடிஞ்சு எவ்வளவு நேரம் ஆச்சு! ஏன் ஒருத்தரும் வீட்டுக்குப் போகல?" என்றார்கள் சிஸ்டர். அவர்களும் கிளம்பச் சொல்ல மறந்துதான் போயிருந்தார்கள்.

நான் நோட்டையும் பேனாவையும் மரியாதையாக நீட்டினேன். புஷ்பலீலாக்கா திறந்து பார்த்தார்கள். நாற்பத்து மூன்றாவது கையெழுத்துக்குக் கீழே வட்டங்கள், அம்புக்குறிகள், ஒரு பஸ், ஒரு சூரை மீன், பக்கம் முழுக்க ஒரு பூவரசு, அதன் உச்சியில் காக்காய். ஒரு கையெழுத்துப் போட இடம் இல்லை.

நோட்டை மூடிக் கக்கத்தில் வைத்தார்கள். வாசல் வரை போய்த் திரும்பினார்கள்.

"ஏட்டி மெடில்டா. ஞாயித்துக்கிழம எம் மவன உக்கார வெச்சுட்டு, ஒன்னக் கோல்ல நிறுத்தச் சொல்லு ஒம் மாப்பிளகிட்ட."

"எதுக்கு எக்கா?"

"ஏழு பந்து அடிக்க வந்தேன். ஒண்ணு உள்ள போச்சா?"