ஐந்தாம் எண் குழாய்

பதினைந்தாயிரம் அடி உயரத்தில் ஒரு குடில் இருந்தது. அதில் ஓர் ஆசிரியையும், அவரிடம் பாடம் கேட்க வந்த சீடரும் இருந்தார்கள். ஆசிரியைக்கு வயது நாற்பத்து நான்கு. சீடருக்கு ஐம்பத்தெட்டு. இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை என்று சீடர் தினமும் ஒரு முறை தனக்குத்தானே சொல்லிக்கொள்வார்.

ஆசிரியை டாக்டர் சுகிர்தா, நாகர்கோவில்காரர். சீடர் ஏகாம்பரம், வேலூர்ப் பக்கம். ராணுவ மருத்துவமனைகளில் இருபத்தொன்பது வருடம் இரத்தம் எடுத்துப் பரிசோதித்தவர். அவர் ஊசி போட்டால் போட்டதே தெரியாது என்று பட்டாளத்தில் பெயர். ஓய்வு பெற்று வீட்டில் உட்கார முடியாமல், டாக்டரின் ஆராய்ச்சியைப் பற்றி எங்கோ படித்துவிட்டு, கடிதம் எழுதிக் கிளம்பி வந்தார். டாக்டர் அவரை 'அண்ணாச்சி' என்றார். வேலூர்க்காரருக்கு அண்ணாச்சி என்றால் மளிகைக்கடைதான் ஞாபகம் வரும். முதலில் முகம் சுளித்தார். பிறகு பழகிக்கொண்டார்.

குடில் லே நகரத்துக்கு மேலே, பெயருக்குக்கூட ஒரு மரம் இல்லாத சரிவில் இருந்தது. அங்கே நடந்த ஆராய்ச்சி தட்டணுக்களைப் பற்றியது. டெங்கு வந்தால் பிளேட்லெட் பிளேட்லெட் என்று ஊரே பதறுமே, அதேதான். காயம் பட்ட இடத்துக்கு ஓடிப்போய், ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு இரத்தத்தை நிறுத்துவது அவற்றின் வேலை. காற்று மெலிந்த உயரத்துக்கு வந்த புதிதில் சிலர் உடம்பில் அவை பதற்றமாகிவிடும். காயமே இல்லாமல் கூட்டம் கூடும். சிலருக்கு எண்ணிக்கை ஏறும், சிலருக்கு இறங்கும். உடம்பு மலைக்குப் பழகப் பழக அவையும் அடங்கும். யாருக்கு எப்போது அடங்கும் என்பதுதான் டாக்டரின் பதினொரு வருடக் கேள்வி.

யாருக்கு அடங்கவில்லையோ அவர் மேலே ஏறக் கூடாது. லேவுக்கு இறங்கி நான்கு நாள் இருந்துவிட்டு வர வேண்டும். இது உலகம் ஒப்புக்கொண்ட சட்டம் இல்லை. குடிலின் சட்டம், டாக்டர் போட்டது.

ஏகாம்பரம் வந்த அன்று டாக்டர் அவர் கையில் தண்ணீர் நிரப்பிய குழாயைக் கொடுத்தார்.

"எட்டு தடவ கவுத்து நிமிர்த்துங்க."

இரத்தம் எடுத்தவுடன் குழாயை எட்டு முறை மெதுவாகக் கவிழ்த்து நிமிர்த்த வேண்டும். அப்போதுதான் அடியில் இருக்கும் மருந்து முழுவதும் கலக்கும். கவிழ்க்காவிட்டால் தட்டணுக்கள் குழாயிலேயே கட்டிக்கொள்ளும், உடம்பில் இல்லாத கோளாறு கண்ணாடித் துண்டில் தெரியும். பரிசோதனைக்கூடத்தில் சேருகிற யாருக்கும் இதுதான் முதல் நாள் பாடம். ஏகாம்பரத்துக்கு இந்தப் பாடம் ஒன்பது நாள் நடந்தது. வெறும் தண்ணீர்க் குழாய்.

ஒன்பதாம் நாள் அவருக்குப் பொறுக்கவில்லை.

"மேடம், நீங்க ஸ்கூல் படிக்கிறப்பவே நான் இதைச் செஞ்சவன்."

"தெரியும் அண்ணாச்சி."

"அப்புறம் எதுக்கு?"

"ஒரு நாள் உங்ககிட்ட ஒரு கேள்வி கேப்பேன். அப்ப நீங்க யோசிக்காம பதில் சொல்லணும்."

ஏகாம்பரம் மறுபடியும் குழாயைக் கவிழ்க்கத் தொடங்கினார்.

அது மூன்று மாதத்துக்கு முந்தைய கதை.

இப்போது குடிலில் எட்டுப் பேர் இருந்தார்கள். பதினெட்டாயிரம் அடியில் ஒரு மேல் குடில் கட்டி முடிந்திருந்தது. அதற்காக டாக்டர் ஏறி இறங்காத அலுவலகம் இல்லை. இன்னும் மூன்று நாளில் திறப்பு. டெல்லியிலிருந்து அதிகாரிகள் வருகிறார்கள். அதற்கு மறுநாள் பனி கொட்டத் தொடங்கும் என்று வானிலைச் செய்தி. அப்புறம் அடுத்த கோடை வரை யாரும் ஏற முடியாது. மேல் குடிலின் சாவியைச் சிவப்புக் கயிற்றில் கோத்து டாக்டர் கழுத்திலேயே மாட்டியிருந்தார்.

அக்காள் மகள் கல்யாணத்துக்காக மூன்று வாரம் நாகர்கோவில் போயிருந்த அவர், அன்று காலைதான் திரும்பி வந்தார். முந்தின நாள் விமானத்தில் லேயில் இறங்கி, ஒரே ஒரு ராத்திரி தூங்கிவிட்டு ஜீப் ஏறியிருக்கிறார்.

"லேயில ரெண்டு நாள் படுத்து எழுந்திரிக்கணுமே மேடம்?"

"எனக்கா? பதினொரு வருஷமா ஏறி இறங்குறேன் அண்ணாச்சி. இந்த மலைக்கு என் மூஞ்சி தெரியும்."

அவர் வந்து இறங்கியபோது குடிலில் சத்தமாக இருந்தது. ஆராய்ச்சிக்கு உடம்பைத் தர முன்வந்தவர்களில் ஒருவன் நவநீதன், கோயம்புத்தூர்க்காரன், மாரத்தான் ஓடுபவன். அன்றைய பரிசோதனையில் அவன் குழாய்க்கு ஏகாம்பரம் 'கீழே' என்று எழுதிவிட்டார்.

"ஏனுங்க மேடம், நாப்பத்திரண்டு கிலோமீட்டர் மூச்சு வாங்காம ஓடுறவனுங்க நான். எனக்கு ஒண்ணுமே செய்யலீங்க."

"உனக்குச் செய்யல தம்பி. உன் தட்டணுக்களுக்குச் செய்யுது."

"இதே உங்களுக்கு வந்தா இறங்குவீங்களாங்க?"

"நாளைக்கு மத்தியானம் ஜீப் வருது. அதுல யாருக்கும் இடம் உண்டு."

நவநீதன் பையைக் கட்டப் போனான். அவன் அதை நம்பவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது.

அன்று சாயங்காலம் ஏகாம்பரம் கேட்டார்.

"மேடம், ஒன்னு கேக்கலாமா? மலை பழகிடுச்சுன்னு ஒருத்தருக்கே எப்படித் தெரியும்?"

டாக்டர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டே அதிகாரிகளின் பட்டியலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நல்ல கேள்வி. நாளைக்குச் சொல்றேன்."

மறுநாள் காலை ஏகாம்பரம் வரிசையாக எல்லோருக்கும் இரத்தம் எடுத்தார். டாக்டருக்கும் எடுத்தார், தனக்கும் எடுத்துக்கொண்டார்; அந்தக் குடிலில் யாருக்கும் விலக்கு கிடையாது. ஒவ்வொரு குழாயையும் எடுத்த கையோடு கவிழ்த்து நிமிர்த்தி, பெயர் சொல்லித் திரைக்கு அந்தப் பக்கம் நீட்டினார். அங்கே சமையல் செய்யும் டோல்மா உட்கார்ந்திருப்பார். தன் இஷ்டத்துக்கு எண் ஒட்டி, கடைசியில் எல்லாவற்றையும் சேர்த்துத் திருப்பித் தருவார். எந்த எண் யாருடையது என்ற காகிதம் அவருடைய டீத்தூள் டப்பாவுக்குள் போய்விடும். ஆள் தெரிந்தால் கண் சலுகை காட்டும் என்று டாக்டர் செய்த ஏற்பாடு இது.

ஏகாம்பரம் நுண்ணோக்கியில் கண்ணை வைத்தார். ஒன்று சுத்தம். இரண்டு சுத்தம். மூன்று பரவாயில்லை. நான்கில் கொஞ்சம் கூட்டம், 'கீழே'. ஐந்தில் நின்றார். தட்டணுக்கள் திருவிழாக் கூட்டமாக அங்கங்கே அப்பிக்கொண்டு கிடந்தன. இன்னொரு கண்ணாடித் துண்டில் தடவிப் பார்த்தார். அதிலும் அப்படித்தான். ஐந்துக்கு நேராகவும், தன் கோழிக்கிறுக்கல் எழுத்தில் 'கீழே' என்று எழுதினார். யாரோ பாவம் என்று நினைத்துக்கொண்டு ஆறுக்குப் போனார்.

மதியச் சாப்பாட்டுக்கு முன் டோல்மா டப்பாவைத் திறந்து, இந்தியில் ஒவ்வொன்றாகப் படித்தார். அவருக்கு டாக்டரும் ஒன்றுதான், ஓட்டக்காரனும் ஒன்றுதான்.

"மூணு, ஏகாம்பரம் அண்ணன். நாலு, நவநீதன். அஞ்சு, டாக்டர் அக்கா."

ஏகாம்பரத்தின் கையில் இருந்த தட்டு சாய்ந்து பருப்பு வழிந்தது.

நவநீதன் டாக்டரைப் பார்த்தான். டாக்டர் ஏகாம்பரத்தின் தாளை வாங்கிப் படித்தார். கழுத்துக் கயிற்றை ஒரு முறை தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

"அண்ணாச்சி."

"மேடம்."

"அஞ்சாம் குழாயை எத்தன தடவ கவுத்தீங்க?"

அந்தக் கேள்வியில் கொஞ்சம் ஆசை இருந்தது. மறைத்து என்ன ஆகப்போகிறது? பதினொரு வருட உழைப்பு மூவாயிரம் அடி மேலே பூட்டிக் கிடக்கும்போது யாருக்குத்தான் ஆசை வராது?

ஏகாம்பரத்துக்கு அது நன்றாகவே புரிந்தது. 'அவசரத்துல விட்டுட்டேன் மேடம்' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். குற்றம் அவர் தலையோடு போய்விடும். அந்தத் தாள் குப்பைக்குப் போகும். திறப்பு விழாவில் டாக்டர் நிற்க வேண்டிய இடத்தில் டாக்டரே நிற்பார். இந்த அம்மாவுக்காக ஒரு பொய் சொன்னால் என்ன குறைந்துவிடும்? கை தவறிவிட்டது என்று நாலு பேர் சொல்வார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும்.

அவர் தன் கையைப் பார்த்தார். இருபத்தொன்பது வருடத்தில் எத்தனை கைகளைப் பிடித்த கை. ஒன்பது நாள் தண்ணீர்க் குழாயைக் கவிழ்த்த கை. கோபம் மாதிரி ஒன்று அவருக்குள் எழுந்தது. யார் மீது என்று தெரியவில்லை.

நிமிர்ந்து நின்றார். பட்டாளத்தில் நிற்பதுபோலவே நின்றார்.

"எட்டு தடவ, மேடம்."

"நல்லா ஞாபகம் இருக்கா?"

"உங்க கையிலேருந்து எடுத்தது. எட்டு தடவ."

டாக்டர் தாளை மடித்துப் பைக்குள் வைத்தார்.

"ராத்திரி முழுக்கத் தலைவலி," என்றார். "மாத்திரை போட்டுட்டுச் சும்மா இருந்தேன். டோல்மா, எனக்கு ரெண்டு சப்பாத்தி கட்டிக் குடு. வழியில சாப்பிட்டுக்கிறேன்."

இரண்டு மணிக்கு ஜீப் வந்தது. நவநீதன் முன் இருக்கையில் உட்கார்ந்திருந்தான். டாக்டர் பையோடு வருவதைப் பார்த்ததும் இறங்கிப் பின்னால் போய் உட்கார்ந்தான். அவர் பையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டான்.

ஓட்டுநர் ஸ்டான்சினுக்கு ஒன்றும் விளங்கவில்லை.

"நாளை மறுநாள் திறப்பு. டாக்டர் அக்கா எங்கே இறங்குறீங்க? யார் இறங்கச் சொன்னது?"

டாக்டர் ஏகாம்பரத்தைக் கை நீட்டிக் காட்டினார்.

"இவர்தான். என் மாணவர்."

அதைச் சொன்னபோது அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். பள்ளியில் முதல் பரிசு வாங்கின பிள்ளையை ஊருக்குக் காட்டுகிற தாய்க்குக்கூட அவ்வளவு பெருமை இருக்குமா தெரியாது. ஏகாம்பரத்துக்குக் கண் கலங்கியது. குளிர்காற்று என்று துடைத்துக்கொண்டார்.

டாக்டர் கழுத்துக் கயிற்றைக் கழற்றி அவர் கையில் வைத்தார்.

"மேல் குடிலை நீங்க திறங்க."

"மேடம், உங்க எடத்துல நான் எப்படி?"

"என் எடம் எதுன்னு காலையில நீங்கதான எழுதினீங்க? எழுத்துதான் படிக்கக் கொஞ்சம் கஷ்டமா இருந்துச்சு."

ஸ்டான்சின் வண்டியைக் கிளப்பினார். டாக்டர் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார்.

"யோசிக்காமப் பதில் சொல்லணும்னு சொல்லியிருந்தேன். ரொம்ப நேரம் யோசிச்சீங்க."

"தப்புதான் மேடம்."

"நானும்தான் ரொம்ப நேரம் காத்துக்கிட்டிருந்தேன்."

வண்டி இரண்டடி நகர்ந்தது. சாவியைப் பிடித்தபடி ஏகாம்பரம் கூடவே நடந்தார். அந்த உயரத்தில் பத்தடி வேகமாக நடந்தாலே மூச்சு முட்டும். அவருக்கு முட்டவில்லை.

"மேடம், நேத்து ஒன்னு கேட்டேன். இன்னைக்குச் சொல்றேன்னீங்க."

"என்ன கேட்டீங்க?"

"மலை பழகிடுச்சுன்னு ஒருத்தருக்கே எப்படித் தெரியும்னு."

டாக்டர் சிரித்தார்.

"தெரியாது அண்ணாச்சி. அதுக்குத்தான உங்கள இங்க வச்சிருக்கேன்."