குடிபுகுந்த பாய்

கேளுங்கள் ஐயா, கேளுங்கள் அம்மா, மடியில் அழும் பிள்ளையைக் கொஞ்சம் தட்டிக் கொடுத்துவிட்டுக் கேளுங்கள்! அரண்மனையானாலும் சுண்ணாம்பை நம்பியே நின்ற காலத்தில், தென்கரை நாட்டில் வீடு கட்டும் குடும்பம் ஒன்று இருந்தது. தாத்தா செங்கோடன், மகன் வேளாத்தான், பேரன் அம்பலவன். மூன்று தலைமுறையாக அந்த நாட்டில் பெரிய கட்டடம் எது எழும்பினாலும் அவர்கள் கைபட்டுத்தான் எழும்பும்.

அவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. கட்டி முடித்த வீட்டில் முதலில் அவர்களே குடிபுகுவார்கள். அப்புறம்தான் கட்டச் சொன்னவர் கையில் சாவி.

செங்கோடன் பெண்டாட்டி, பிள்ளை, ஆடு, கோழி எல்லாவற்றோடும் ஒரு மழைக்காலம் முழுக்கக் குடியிருந்தார். வேளாத்தானுக்கு வேலை பெருகிவிட்டது. அவர் ஒரு வேளை பொங்கித் தின்றுவிட்டுத் திரும்பினார். அம்பலவனுக்கோ மூச்சுவிடவே நேரமில்லை. அவன் தன் பாயை அனுப்பி வைத்தான்.

சிரிக்காதீர்கள்! சும்மாவா அனுப்பினான்? பாய்க்கு மஞ்சள் தடவி, மாலை போட்டு, வண்டியில் ஏற்றி, மேளதாளத்தோடு அனுப்பினான். பாய் ஒரு ராத்திரி தங்கும், மறுநாள் மரியாதையோடு திரும்பும். வழக்கத்தில் ஒரு குறையும் வைக்கவில்லை என்று மனதார நம்பினான்.

ஆனால் பாருங்கள், அவன் கட்டிய வணிகர் வீடு முதல் மழையிலேயே ஒழுகியது. அப்புறம் கட்டிய சத்திரம் ஒழுகியது. அதற்கப்புறம் கட்டிய களஞ்சியமும் ஒழுகி, உள்ளேயே நெல் முளைத்துப் பச்சைப்பசேலென்று நின்றது.

கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டதுபோல் ஆனான் அம்பலவன். தாத்தா குழைத்த அதே சுண்ணாம்பு, அதே கடுக்காய், அதே கருப்பட்டி. தாத்தா கட்டியது ஒன்றுகூட ஒழுகவில்லையே! சுண்ணாம்பைக் கூட்டிப் பார்த்தான். தளத்தைத் தடிமனாக்கிப் பார்த்தான். யாரோ கண் வைத்துவிட்டார்கள் என்று பூசணிக்காய் கட்டியும் பார்த்தான். எதற்கும் மசியாமல் ஒழுகியது. "எங்கேதான் தப்பு?" என்று தலையைப் பிய்த்துக்கொண்டான். பாவம், எனக்கே பரிதாபமாகத்தான் இருக்கிறது.

விஷயம் ராஜா காதுக்குப் போயிற்று. "அம்பலவா, பிள்ளைத்தாய்ச்சிப் பெண்களுக்கு ஒரு பேறுகால மனை கட்டு. அதுவும் ஒழுகினால் உன் வம்சமே இனிக் கரணையைத் தொடக்கூடாது" என்றார். பூசும் கரணை போனால் அந்தக் குடும்பத்துக்குச் சோறு ஏது?

அம்பலவன் பயந்து பயந்து கட்டி முடித்தான். பழைய பாய் ராசியில்லையோ என்னவோ என்று, பட்டு ஓரம் வைத்த புதுப்பாய் வாங்கி அனுப்பினான். அன்று ராத்திரி மழை கொட்டித் தீர்த்தது. மறுநாள் பாய் தொப்பலாக நனைந்து வீட்டுக்கு வந்தது.

அவன் மனைவி செல்லாயி அதைக் கொடியில் காயப் போட்டாள். "ஏங்க, பாய் எப்படி இவ்வளவு நனைஞ்சுது?"

"வண்டியில வரும்போது நனைஞ்சிருக்கும்."

"வரும்போது வெயில் பல்லைக் காட்டுச்சே!"

அம்பலவன் விழித்தான். "அப்ப எப்படி நனைஞ்சுது? ஒண்ணும் பிடிபடலையே!"

"நல்ல கூத்துதான் போங்க! ராத்திரி பூரா அதுமேல ஒழுகியிருக்கு. பாய்க்கு வாயிருந்தா அழுதிருக்கும். வாயில்லாத பாயை அனுப்பிட்டு, எந்த மூலை ஒழுகுதுன்னு யாரைக் கேப்பீங்க?"

அம்பலவனை வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆனாலும் குழப்பம் தீரவில்லை. அடுத்த நாள் ராஜா வந்து மனையைத் திறக்கப் போகிறார். உண்மையைச் சொன்னால் கரணை போகும். மென்று விழுங்கினால் யாரோ ஒருத்தியின் பச்சைப்பிள்ளை நனையும். சொல்வதா, விடுவதா? பொழுது சாயும்வரை திண்டாடிவிட்டு, கடைசியில் சட்டிபானையைத் தூக்கிக்கொண்டு குடும்பத்தோடு அந்த மனைக்கே குடிபோனான். அன்றும் விடிய விடிய மழை.

ஊர்வலமாக வந்த ராஜா வாசலிலேயே திகைத்து நின்றார். உள்ளே செல்லாயி சோறு வடிக்கிறாள். பிள்ளைகள் ஒழுகும் தண்ணீரைச் சட்டியில் பிடிக்கிறார்கள். அம்பலவன் கையை விரித்து வாசலை மறித்தான்.

"உள்ள வராதீங்க மகாராஜா! வடக்கு மூலை ஒழுகுது. அடுப்புப் புகை வெளிய போகலை. சாரல் கட்டில்வரைக்கும் அடிக்குது. நேத்துவரைக்கும் எனக்கே இது தெரியாது."

ராஜாவுக்கும் குழப்பம் தொற்றிக்கொண்டது. "ஒழுகினால் கரணை போகும் என்றேனே, நீயே வாய்விட்டுச் சொல்கிறாயே! உன் தாத்தா கட்டிய என் அரண்மனை இன்றுவரை ஒழுகவில்லை. அது எப்படி?"

"அதுவும் ஒழுகியிருக்கும் மகாராஜா." என்றான் அம்பலவன். "அப்ப தொட்டில்ல கிடந்த எங்கப்பா தலையில ஒழுகியிருக்கும். தாத்தா அதைப் பார்த்து அடைச்சிருப்பார். அப்புறம்தான் உங்க தாத்தா கையில சாவியைக் கொடுத்திருப்பார்."

ராஜா ஓரமாகக் கிடந்த கரணையை எடுத்து அம்பலவன் கையில் வைத்தார். "அடைக்க வேண்டியதை அடை. மழைக்காலம் முடிந்ததும் வந்து சாவி வாங்கிக்கொள்கிறேன்" என்று சொல்லித் திரும்பிப் போனார்.

ஆகவே மக்களே, தன் தலை நனைந்து குறை அறியாதவன் பிறர் தலைக்குக் கூரை போடக்கூடாது.